ஒருவர் கிறிஸ்தவர் ஆவது எப்படி? தொடக்கநிலை விளக்கம்

கிறிஸ்தவ மனமாற்றம் என்றதும் பலருக்கு ஒரே ஒரு கணம்தான் நினைவுக்கு வரும். கூட்டத்தில் ஒருவர் கண்ணீரோடு எழுந்து முன்னே போகிறார். அல்லது ஆற்றில் மூழ்கி எழுகிறார். அத்துடன் அவர் கிறிஸ்தவர் ஆகிவிட்டார் என்று எண்ணிக்கொள்கிறோம். அந்தக் கணம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அது நடுவில் வருவது. அதற்கு முன் கேட்பதும் ஐயப்படுவதுமாக ஒரு காலம் உண்டு, பின்பு வேர்பிடிக்க ஒரு காலம் உண்டு. முன்னதையும் பின்னதையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் இடங்களில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே என எந்தச் சபையானாலும் இது பொருந்தும்.

முதலில் எலும்புக்கூட்டைச் சொல்லிவிடலாம். இயேசு கிறிஸ்துவைப் பற்றிய நற்செய்தியை ஒருவர் கேட்கிறார். தன் பழைய வழியை விட்டுத் திரும்புகிறார். கிறிஸ்துவை ஆண்டவர் என்று நம்பித் தன்னை அவரிடம் ஒப்படைக்கிறார். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றுச் சபையோடு வாழத் தொடங்குகிறார். இந்த வரிசை எல்லாருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. சிலருக்கு ஓர் இரவு போதும், சிலருக்கு இருபது ஆண்டு ஆகும்.

பவுலை முழுதாகப் படித்தால்

திடீர் மனமாற்றத்துக்கு எல்லாரும் காட்டும் சான்று, முதலில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திப் பின்பு திருத்தூதரான பவுல். தமஸ்கு சாலையில் ஒளி, குரல், தரையில் விழுதல். விவிலியத்தின் (பைபிளின்) திருத்தூதர் பணிகள் நூல் இதை 9, 22, 26 ஆகிய அதிகாரங்களில் மூன்று முறை சொல்கிறது. ஆனால் அந்தக் கதை சாலையில் முடியவில்லை. பவுல் மூன்று நாள் பார்வையின்றி, உண்ணாமல் குடிக்காமல் இருந்தார். அனனியா என்ற சாதாரணச் சீடர் ஒருவர் வந்து கைவைத்து, சகோதரரே என்று அழைத்த பிறகுதான் பார்வை திரும்பியது, திருமுழுக்கும் நடந்தது. பிறகு அரேபியாவுக்குப் போனார், தமஸ்குவுக்குத் திரும்பினார். மூன்று ஆண்டு கழித்தே எருசலேம் சென்று பேதுருவோடு 15 நாள் தங்கினார் என்று கலாத்தியர் கடிதத்தின் முதல் அதிகாரத்தில் அவரே எழுதுகிறார். முன்கதையும் உண்டு. ஸ்தேவான் என்ற கிறிஸ்தவரைக் கல்லெறிந்து கொன்றபோது சாட்சிகள் தங்கள் மேலுடைகளை வைத்தது இவருடைய காலடியில்தான். அந்தச் சாவை அவர் அருகிலிருந்து பார்த்திருக்கிறார்.

அதே நூலில் வேறு விதமாக வந்தவர்களும் இருக்கிறார்கள். எத்தியோப்பிய அரசு அலுவலர் தேரில் அமர்ந்து எசாயாவின் நூலைப் படித்துக்கொண்டு போகிறார். படிப்பது புரிகிறதா என்று நற்செய்தி அறிவித்துவந்த பிலிப்பு கேட்டதும், யாராவது விளக்காவிட்டால் எப்படிப் புரியும் என்கிறார். பிலிப்பி நகரில் செந்நிறத் துணி விற்ற லீதியா ஏற்கெனவே கடவுளை வழிபட்டு வந்தவர், பவுல் பேசியதைக் கேட்டு அமைதியாக மனம் திறந்தார். அதே ஊர்ச் சிறைக் காவலரோ நிலநடுக்கத்துக்குப் பின் நள்ளிரவில் நடுங்கிக்கொண்டு வந்தார். ஆக, எப்படி வந்தார் என்பதை வைத்து ஒருவருடைய நம்பிக்கையை அளக்க முடியாது. எனக்கு அப்படி ஒளி எதுவும் தெரியவில்லையே என்று வருந்துகிறவர்களிடம் லீதியாவின் கதையைப் படிக்கச் சொல்வது நல்லது.

தேவசகாயம்: நம் மண்ணில் நடந்த ஒன்று

தமிழ் வாசகருக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு புனித தேவசகாயம். 1712-இல் குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தவர், இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் அலுவலராக இருந்தார். 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்பு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்த டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு நண்பரானார்.

நீலகண்டருடைய வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள். மனமுடைந்திருந்த அவருக்கு டி லனாய் வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை, விவிலியத்தில் வரும், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார். நேர்மையானவருக்கு ஏன் துன்பம் என்ற கேள்வியை விவிலியமே எழுப்புகிறது என்பது அவரைப் பிடித்துக்கொண்டது. புதிய நம்பிக்கை பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது. ஒருவர் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் கேள்வியில் அது வந்து தொடுகிறது. கேட்கிறவருடைய கேள்வி என்ன என்று தெரியாமல் மனப்பாடமாக நற்செய்தி சொல்வோர் தவறுவது இங்கேதான்.

டி லனாய் அவரை வடக்கன்குளத்தில் இருந்த இயேசு சபைக் குருவிடம் அனுப்பினார். குரு உடனே தண்ணீர் ஊற்றவில்லை. அரண்மனையில் பணிபுரிபவர் என்பதால் வரக்கூடிய ஆபத்தையும் அவருடைய உறுதியையும் சோதித்து, மறைக்கல்வி (கிறிஸ்தவப் போதனை) கொடுத்து, அதன் பின்பே 1745 மே 14 அன்று திருமுழுக்குக் கொடுத்தார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்று பெயர். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார்.

மனமாற்றம் உண்மைதானா என்பது அதன் பின்பு தெரிந்தது. சாதி பார்க்காமல் எல்லாரோடும் அமர்ந்து உண்டார், பழகினார். அந்தக் காலத்து அரண்மனை அலுவலர் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1749-இல் கைதானார். சித்திரவதைக்குப் பின் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு தேவாலயத்தில் அடக்கம். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். ஏறத்தாழ ஆறே முக்கால் ஆண்டுக் கிறிஸ்தவ வாழ்வு. அதற்கு முந்தைய கேள்விக் காலத்தையும் மறைக்கல்விக் காலத்தையும் எடுத்துவிட்டால் அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்பது விளங்காது.

மனந்திரும்புதலும் நம்பிக்கையும்

இரண்டும் சேர்ந்தே வரும், ஆனால் தனித்தனியே புரிந்துகொள்ள வேண்டும்.

மனந்திரும்புதல் என்பது வருத்தப்படுவதோடு நிற்பதில்லை. தன் பாவத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது, அதை விடுவது, இயன்றவரை சரிசெய்வது எல்லாம் அதில் அடக்கம். லூக்கா 19-இல் வரித்தண்டுவோர் தலைவர் சக்கேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறார். இவ்வளவு திட்டமாக இருக்க வேண்டும். வட்டிக்கு விடுகிறவர் கடன் பத்திரங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். உடன்பிறந்தவரோடு பேசாதவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பொதுவாக "நான் பாவி" என்று சொல்லிவிட்டு எந்த ஒன்றையும் குறிப்பாகத் தொடாத மனந்திரும்புதல் சில வாரங்களில் ஆவியாகிவிடும்.

நம்பிக்கையில் மூன்று அடுக்கு உண்டு என்று இறையியலார் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்: அறிதல், ஒப்புக்கொள்ளல், ஒப்படைத்தல். இயேசு யார், என்ன செய்தார், எப்படிச் சாவிலிருந்து எழுந்தார் என்று தெரிந்துகொள்வது அறிதல். அது உண்மை என ஏற்பது ஒப்புக்கொள்ளல். அந்த உண்மையின் மேல் தன் வாழ்க்கையையே சாய்த்துவிடுவது ஒப்படைத்தல்.

இந்த மூன்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதை அகுஸ்தினாரிடம் பார்க்கலாம். 354-இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர், தாய் மோனிக்கா கிறிஸ்தவர். இளமையில், ஒளிக்கும் இருளுக்கும் ஓயாத போர் என்று போதித்த மானிக்கேய மதத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு இருந்தார். 384-இல் மிலான் நகருக்கு வந்து ஆயர் (பிஷப்) அம்புரோசின் மறையுரைகளைக் கேட்டார். மெல்ல மெல்ல அறிவுத் தடைகள் எல்லாம் விலகின. கிறிஸ்தவம் உண்மை என்று ஒப்புக்கொண்டார். அப்படியும் ஒப்படைக்க முடியவில்லை, பழைய வாழ்க்கை பிடித்து இழுத்தது. 386-இல் ஒரு தோட்டத்தில், "எடுத்துப் படி" என்ற குழந்தைக் குரலைக் கேட்டு உரோமையர் கடிதத்தைத் திறந்து 13-ஆம் அதிகாரத்தில் கண்ணில் பட்டதைப் படித்தபோதுதான் அது உடைந்தது. 387 ஈஸ்டர் இரவில் அம்புரோசு அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். புத்தகமும் வாதமும் ஓரளவுக்குக் கொண்டுபோகும். கடைசி அடியைக் கடவுளின் அருளே எடுத்துவைக்கிறது என்பதில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையினருக்கும் கருத்து வேறுபாடில்லை.

அதே அகுஸ்தினார் உரோமைப் பேராசிரியர் விக்டோரினுசைப் பற்றி எழுதியது இன்றைக்கும் தேவைப்படுகிறது. விக்டோரினுசு விவிலியம் படித்து, தனிமையில் தன்னைக் கிறிஸ்தவர் என்றே சொல்லி வந்தார். ஆலயத்தில் உன்னைப் பார்த்தால்தான் நம்புவேன் என்று நண்பர் சொல்ல, சுவர்களா ஒருவரைக் கிறிஸ்தவர் ஆக்குகின்றன என்று கேட்டார். உயர்குடி நண்பர்களுக்கு அஞ்சியதே உண்மைக் காரணம். பின்பு மனம் துணிந்தபோது, ஒதுக்குப்புறமாக நம்பிக்கையை அறிக்கையிடலாம் என்று குருக்கள் சலுகை கொடுத்தும் மறுத்து, மக்கள் முன் உரக்கச் சொன்னார்.

திருச்சபை வைத்திருக்கும் படிகள்

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் போன எகேரியா என்ற பெண் பயணி அங்கு நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் தொடக்கத்தில் பெயர் பதிவு. ஆயர் ஒவ்வொருவருடைய அண்டை வீட்டாரையும் கேட்பார்: இவர் பெற்றோரை மதிக்கிறாரா, குடிக்கிறாரா, பொய் சொல்கிறாரா? குறை இருந்தால், திருந்திவிட்டு வரட்டும் என்று அனுப்பிவிடுவார். சேர்ந்தவர்களுக்கு நாள்தோறும் காலையில் மூன்று மணி நேரம் போதனை.

பின்னர் இந்த முறை மங்கிப்போனது. கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் அதை மீட்கச் சொல்லி, 1972-இல் வயது வந்தோருக்கான புகுமுகச் சடங்குமுறை வெளியானது. கத்தோலிக்கப் பங்கு (உள்ளூர்ச் சபை) ஒன்றில் இன்று நடக்க வேண்டிய முறை இதுவே.

முதலில் விசாரிக்கும் காலம். இதற்குக் கால அளவு கிடையாது, பதிவேடும் கிடையாது. வந்து உட்காரலாம், கேட்கலாம், போகலாம். விருப்பம் உறுதியானதும் ஏற்புச் சடங்கு நடக்கும். நெற்றியில் சிலுவை அடையாளம் இடுவார்கள். அன்றிலிருந்து அவர் திருச்சபையின் குடும்பத்தைச் சேர்ந்தவர். திருமுழுக்குக்கு முன்பே இறந்துபோனாலும் கிறிஸ்தவ அடக்கச் சடங்கு அவருக்கு உண்டு. அடுத்தது மறைக்கல்விக் காலம். ஓராண்டாவது கொடுப்பது நல்ல வழக்கம், தேவைப்பட்டால் கூடுதலாகவும் ஆகலாம். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஆயரின் முன்னிலையில் பெயர் எழுதப்படும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் ஆய்வுச் சடங்குகள் நடக்கும். அவற்றில் வாசிக்கும் நற்செய்தி வேண்டுமென்றே தேர்ந்தது: கிணற்றடியில் சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், இலாசர். தாகம், இருள், சாவு என்று ஒவ்வொன்றாக உள்ளே போய்த் தொடும் வரிசை அது.

ஈஸ்டருக்கு முந்தைய இரவான பாஸ்கா திருவிழிப்பில் சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுகிறீர்களா என்ற கேள்விகள் வரும், பின்பு தந்தையையும் மகனையும் தூய ஆவியாரையும் நம்புகிறீர்களா என்ற கேள்விகள். தண்ணீரை மூன்று முறை ஊற்றியோ மூன்று முறை மூழ்கவைத்தோ, தந்தை மகன் தூய ஆவியாரின் பெயரால் திருமுழுக்கு. வெண்ணாடை, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரி. அதே இரவில் உறுதிப்பூசுதலும் (தூய ஆவியாரின் அருளுக்காக எண்ணெய் பூசும் சடங்கு) முதல் நற்கருணையும் (திருவிருந்து) தொடரும். ஏழு வயது நிறைந்தவரைத் திருமுழுக்கு விஷயத்தில் பெரியவராகவே சட்டம் கருதுகிறது. திருமுழுக்குப் பெறுகிறவருக்குத் துணைநிற்கும் ஞானப்பெற்றோர் 16 வயது நிறைந்த, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும், சொந்தத் தாய் தந்தையாக இருக்கக் கூடாது. பெரிய இடத்து ஆள் என்பதற்காக ஒருவரை ஞானத்தந்தையாக வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை நேரில் பார்க்கக்கூடியவரே பயன்படுவார்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் சபைப் போதகரோ உபதேசியாரோ போதித்து, ஞானஸ்நானம் கொடுத்து, திடப்படுத்தலுக்கு (உறுதிப்பூசுதல்) சேர்ப்பார்கள். பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே சபைகளில் விசுவாச அறிக்கைக்குப் பின் முழுக்கு ஞானஸ்நானம். சில இடங்களில் அறிக்கை செய்த அன்றே கொடுத்துவிடுகிறார்கள். எத்தியோப்பியருக்கும் சிறைக் காவலருக்கும் அன்றே நடந்தது என்பது அவர்கள் காட்டும் நியாயம், அதற்கு மறைநூலில் இடமிருக்கிறது. அப்படியானால் ஓராண்டுப் போதனையைப் பின்னால் வைக்க வேண்டும். பின்னாலும் வைக்காவிட்டால்தான் தவறு.

எங்கே தவறிப்போகிறது

தூத்துக்குடிக் கரையான முத்துக்குளித்துறையில் நடந்ததே இதற்குப் பழைய பாடம். 1530-களின் நடுவில் அந்தக் கரையின் மீனவர்களான பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடியபோது பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் புனித சவேரியார் வந்து பார்த்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை. கற்றுக்கொடுக்க யாரும் இல்லாததுதான் காரணம். சவேரியார் உள்ளூர்க்காரர் உதவியோடு நம்பிக்கை அறிக்கையையும் பத்துக் கட்டளைகளையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, ஊர் ஊராக ஒவ்வொரு வரியாகச் சொல்லவைத்தார். அந்த மக்கள் பின்பு எவ்வளவு ஆழமாக வேரூன்றினார்கள் என்பதைத் தூத்துக்குடி முதல் மணப்பாடு வரை இன்றும் காணலாம். திருமுழுக்கோடு நின்றிருந்தால் அது நடந்திருக்காது.

இக்காலத்தில் அடிக்கடி காண்பது திருமணத்துக்காக அவசரமாக நடக்கும் திருமுழுக்கு. பத்திரிகை அடித்துவிட்டு, இரண்டு வாரத்தில் கொடுங்கள் என்று வருவார்கள். கொடுத்தால் அந்த நபர் வாழ்நாள் முழுதும் அதைக் கல்யாணச் செலவுகளில் ஒன்றாகவே நினைப்பார். உண்மையில் அதற்குத் தேவையே இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கு வாங்க வழி இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும் என்கிறது.

குணமாவதற்காக வருவது இன்னொன்று. நோயோடு வந்தவரை வரவேற்க வேண்டும், இயேசுவிடம் வந்தவர்களில் பலர் நோயாளிகளே. ஆனால் வந்தால் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுத்துச் சேர்த்தால், நோய் திரும்பும் நாளில் நம்பிக்கையும் போய்விடும். மருந்தை நிறுத்தச் சொல்பவர் எந்தச் சபை உடுப்பில் இருந்தாலும் அவரை விட்டு விலகுங்கள்.

பணம், வேலை, பள்ளி இடம் காட்டியோ அச்சுறுத்தியோ நடப்பது மனமாற்றமே ஆகாது. யாரையும் அவருடைய மனச்சான்றுக்கு எதிராக நம்பிக்கையைத் தழுவக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 748 சொல்கிறது. அதை மீறுகிறவர் முதலில் புண்படுத்துவது நற்செய்தியையே.

சபை மாறும்போது மறுபடி முழுக்குக் கொடுப்பதும் உண்டு. தண்ணீரும் மூவொரு கடவுளின் பெயரும் கொண்டு நடந்த திருமுழுக்கைக் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் மீண்டும் கொடுப்பதில்லை. குழந்தைத் திருமுழுக்கை ஏற்காத சபைகளின் நிலைப்பாடு வேறு. மாறுகிறவர் பழைய பங்கிலிருந்து திருமுழுக்குச் சான்றிதழ் வாங்கி வந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மிக வலிப்பது குடும்பத்தை அறுப்பது. சில ஊழியர்கள் முதல் வாரத்திலேயே வீட்டுப் பூசையறைப் படங்களைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். அந்தப் படங்கள் அம்மாவுடையவை. வழிபாட்டில் பங்குகொள்ளாமல் இருப்பது வேறு, பெற்றோர் வணங்குவதை அவமதிப்பது வேறு. தாய் தந்தையை மதித்து நட என்ற கட்டளை மாறியவருக்கும் இருக்கிறது. வீட்டில் சொல்லும்போது திருவிழா நாளிலோ துக்க வீட்டிலோ சொல்ல வேண்டாம். பொறுமையாகக் கேட்கக்கூடிய அத்தையோ மாமாவோ ஒருவரிடம் முதலில் பேசுங்கள். மருத்துவச் செலவு, தங்கையின் கல்யாணம் போன்ற கடமைகளில் முன்பு நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

காகித வேலை

திருமுழுக்குச் சான்றிதழ் திருச்சபைப் பதிவேட்டின் நகல், அதனால் அரசுப் பதிவுகள் தானாக மாறாது. அவற்றை மாற்ற வேண்டுமானால் உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று தனியே செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்பு நீக்கப்பட்டது. சில மாநிலங்களில் நிலை வேறு. உத்தரப் பிரதேசத்தில் மாறுகிறவர் 60 நாள் முன்பே மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும். பட்டியல் சாதியினர் கிறிஸ்தவரானால் 1950 அரசியலமைப்பு ஆணைப்படி அந்தத் தகுதியை இழப்பார்கள், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். இது அநீதி என்று திருச்சபைகள் பல ஆண்டுகளாகப் போராடுகின்றன. ஆனால் இதைத் திருமுழுக்குக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மறைத்துவிட்டுப் பிறகு தெரியவந்தால் ஏமாற்றப்பட்டதாகவே அவர் உணர்வார், அதில் நியாயமும் இருக்கும்.

முதல் ஆண்டு

ஈஸ்டர் தொடங்கிப் பெந்தெகொஸ்தே பெருவிழா வரையுள்ள காலத்தைப் புதியவர்களுக்கென்றே திருச்சபை ஒதுக்கியிருக்கிறது. பெற்ற அருளடையாளங்களின் (திருமுழுக்கு முதலிய புனிதச் சடங்குகளின்) பொருளை அனுபவத்திலிருந்து விளக்கும் காலம் அது. நடைமுறையில் பெரும்பாலான பங்குகள் ஈஸ்டரோடு வகுப்பை மூடிவிடுகின்றன. விளைவாக, ஆடி மாதம் ஆனதும் புதியவர் பின் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருப்பார், ஐப்பசியில் வராமல் போவார்.

விவிலியத்தைத் தொடக்க நூலிலிருந்து படிக்கத் தொடங்குவோர் பலர் லேவியர் நூலில் நின்றுவிடுகிறார்கள். அகுஸ்தினாரே திருமுழுக்குக்கு முன் எதைப் படிக்கலாம் என்று கேட்க, அம்புரோசு எசாயாவைச் சொன்னார். முதல் பகுதியே புரியாமல் அதைத் தள்ளிவைத்ததாக அகுஸ்தினார் எழுதியிருக்கிறார். மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். 16 அதிகாரம், இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே மூச்சில் படிக்கலாம். அடுத்து லூக்காவும் திருத்தூதர் பணிகளும், பிறகு திருப்பாடல்களில் நாளொன்றுக்கு ஒன்று. செபத்துக்குக் காலையில் பத்து நிமிடம் போதும், நாள் தவறக்கூடாது.

மூன்று, நான்கு மாதம் கழித்துத் தொடக்கத்து உருக்கம் குறையும். செபம் வறண்டுபோகும், விட்ட பழக்கம் ஒன்று மீண்டும் தலைகாட்டும். இதைப் பார்த்து என் மனமாற்றமே பொய்யோ என்று புதியவர் பயப்படுவார். பொய்யில்லை, எல்லாருக்கும் வருவதுதான். விழுந்தால் கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருளடையாளம் (குருவிடம் பாவ அறிக்கை) இருக்கிறது, மற்றச் சபைகளில் போதகரிடமோ முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ மனம் திறந்து பேசலாம். திரும்பவும் திருமுழுக்குப் பெற வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இந்த மாதங்களில் ஞானப்பெற்றோர் ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் அவரை வீட்டுக்கு அழைத்து உணவு போட்டு, இந்த வாரம் எப்படிப் போனது, செபம் எப்படி இருக்கிறது, வீட்டில் அம்மா பேசுகிறார்களா என்று கேட்பது எந்த வகுப்பையும்விட அதிகம் தாங்கிப்பிடிக்கும்.